இடி விழுவதற்குள் ஓடிவிட முடியுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பின் மாணவர் பகுதியில் ஒலியலை, ஒளியலை பற்றி வந்த அரைப்பக்கக் கட்டுரையை, என் வீட்டில் டியூஷன் படிக்கும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன். தமிழ் நாளிதழில் அறிவியலுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு வரி அன்றிலிருந்து என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "முதலில் மின்னல் தோன்றும், சில நொடிகள் கழித்து இடி விழும்" என்று அச்சாகியிருந்தது.

இரண்டு நாள் கழித்து, திடலில் பந்து விளையாடிவிட்டுச் சொட்டச் சொட்ட நனைந்து வந்த ஒரு பையனைக் கடிந்துகொண்டேன். "மின்னல்தான் வந்துச்சு டீச்சர், இடி விழறதுக்குள்ள ஓடி வந்துட்டோம்" என்றான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தென்னை கருகினால் இடி விழுந்துவிட்டது என்கிறோம். கட்டட உச்சியில் நிற்கும் கம்பிக்கு இடிதாங்கி என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தக் கம்பி மின்னலின் மின்னோட்டத்தை வாங்கி மண்ணுக்குள் இறக்குகிறது. இடியோடு அதற்கு எந்த வேலையும் கிடையாது. மரத்தைக் கருக்குவதும் ஆளை வீழ்த்துவதும் மின்னல்தான். இடி நம் காதுக்கு வந்து சேரும்போது விழ வேண்டியது விழுந்து முடிந்திருக்கும். அறிவியலை ஆங்கிலத்தில் படித்தால் இந்தக் குழப்பம் வராது என்று ஒரு பெற்றோர் என்னிடம் சொன்னார். ஆங்கிலத்திலும் மின்னல் தாக்குவதை இடியின் பெயரால் சொல்லும் 'தண்டர்போல்ட்' என்ற சொல் இருக்கத்தானே செய்கிறது! சொல் இருந்துவிட்டுப் போகட்டும். அதோடு விளக்கத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

மின்னல் பாயும் தடத்தில் உள்ள காற்று கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு சூடு அது. அந்தச் சூட்டில் காற்று வெடித்து விரியும் சத்தமே இடி. ஆக, இரண்டும் கூடவே பிறக்கின்றன. ஒளி நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது. ஒலியோ நம் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில் நொடிக்கு 350 மீட்டர்தான் நகர்கிறது. இடைவெளி முழுவதும் வழியில் ஆகும் தாமதம்.

இதைப் பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே காட்ட முடிந்தது. நாங்கள் இருப்பது செந்தூல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து அடுக்குமாடியில், ஐந்தாம் மாடி. நடைபாதைக் கோடியில் நின்றால் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உச்சி தெரியும். ஒரு மாலை வானம் கருத்திருந்தபோது கைத்தொலைபேசியில் நொடி எண்ணும் கடிகாரத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, கதவோரம் உள்பக்கமாக நின்றோம். கோபுர உச்சியில் பளீரென்று வெள்ளைக் கோடு இறங்கியது. பையன்கள் மூச்சுவிடவில்லை. 11 நொடி கழித்துத்தான் இடி கேட்டது. 11 பெருக்கல் 350, 3,850 மீட்டர். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தோம். நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு! அதே தூரத்தைக் கடக்க ஒளிக்கு ஒரு நொடியில் எழுபதாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை என்று சொன்னதும் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இடி ஏன் ஒரே அடியாக நிற்காமல் கடகடவென்று உருள்கிறது என்று ஒரு சிறுமி கேட்டாள். மின்னலின் தடம் பல கிலோமீட்டர் நீளமானது. கிட்டே இருக்கும் முனையின் சத்தம் முந்தியும் எட்ட இருக்கும் முனையின் சத்தம் பிந்தியும் வருவதால் அப்படி.

தோட்டத்தில் (எஸ்டேட்டில்) குடியிருந்த காலத்தில், மின்னல் வெட்டியதும் என் பாட்டி "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்குவார். இரண்டு முறை சொல்வதற்குள் இடித்துவிட்டால் எங்களை வாசலிலிருந்து உள்ளே இழுத்துப்போடுவார். நிதானமாகச் சொன்னால் ஒரு அர்ச்சுனாவுக்கு ஒரு நொடி. கடிகாரம் கையில் இல்லாதபோது என் பிள்ளைகள் இன்று அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒலி, ஒளி இரண்டையும் ஒரே மாதிரி நெளியும் கோடாக வரைந்திருந்தீர்கள். காற்றில் ஒலி அப்படி நெளிந்து போவதில்லை. உறுமி மேளத்தின் தோல் அதிரும்போது பக்கத்துக் காற்றைத் தள்ளி இழுக்கிறது. அந்தத் தள்ளல் அடுத்தடுத்த காற்றுக்குக் கைமாறிக்கொண்டே நம் காதுவரை வருகிறது. பிள்ளைகளை வரிசையாகத் தோளோடு தோள் நிற்கவைத்துக் கடைசிப் பையனை மெல்லத் தள்ளினால் போதும்: தள்ளல் மறுகோடிக்குப் போய்விடும், பிள்ளைகள் அவரவர் இடத்திலேயே நிற்பார்கள். தள்ளிவிட ஏதும் இல்லாத வெற்றிடத்தில் ஒலிக்கு வழியில்லை. ஒளிக்கு அந்தத் துணை வேண்டாம். சூரிய ஒளி வெற்றிடத்தைக் கடந்து 8 நிமிடம் 20 நொடியில் நம் முற்றத்துக்கு வந்துவிடுகிறது.

அடுத்த ஞாயிறு பதிப்பில் அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, திடலை விட்டு உடனே கட்டடத்துக்குள்ளோ, மூடிய காருக்குள்ளோ போக வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வரலாம் என்பதையும் சேர்த்துப் பெரிய எழுத்தில் போடுங்கள். ஒக்டோபரில் மாலைதோறும் இடிமழை தொடங்கிவிடும். பள்ளி முடிந்து பிள்ளைகள் திடலில் நிற்கும் நேரமும் அதுதான்.

அன்புடன்,
டியூஷன் ஆசிரியை ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்