ஆட்டத்தைப் பிடித்த பிறகே அலைன்மென்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்டீயரிங்கில் ஆட்டம் (வளையத்தைத் திருப்பியும் சக்கரம் உடனே திரும்பாத தளர்வு) தெரிந்தால் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்யுங்கள் என்று வாகனப் பகுதியில் வந்த யோசனை தலைகீழானது. தேய்ந்த மூட்டுகளை அப்படியே விட்டுவிட்டு அலைன்மென்ட் பிடித்தால், முதல் பள்ளத்திலேயே அது கலைந்துவிடும்.

முதலில் ஆட்டம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். சக்கரங்களை நேராக நிறுத்தி, பவர் ஸ்டீயரிங் என்றால் இன்ஜினை ஓடவிட்டு, டயர் அசையத் தொடங்கும் வரை ஸ்டீயரிங் வளையத்தை விரலால் மெல்லத் திருப்புங்கள். பல கார்களுக்கு வளையத்தின் விளிம்பில் 30 மி.மீ. வரைதான் அனுமதி. உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. 80, 90 கி.மீ. வேகத்தில் மட்டும் வளையம் நடுங்கினால் அது இந்த ஆட்டம் அல்ல, முதலில் வீல் பேலன்சிங்கை (சக்கரத்தின் எடைச் சமநிலையை) பாருங்கள்.

அடுத்த சோதனைக்கு இரண்டு பேர் தேவை. சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். ஒருவர் வளையத்தை இடமும் வலமுமாகச் சிறிதாக ஆட்ட, இன்னொருவர் ஸ்டீயரிங் தண்டிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு மூட்டாகப் பார்த்து வர வேண்டும். ஒரு பக்கம் நகர்ந்தும் மறுபக்கம் தாமதித்தால் குற்றவாளி அந்த மூட்டுதான். ரேக் (வளையம் திரும்பும்போது இடமும் வலமுமாக நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டம்) இருக்கும் பெட்டியே நகர்ந்தால் அதைத் தாங்கும் மவுண்டிங் புஷ் போயிருக்கிறது. ரேக்கின் முனையில் உள்ள மூட்டான ரேக் எண்டு ரப்பர் உறைக்குள் மறைந்திருக்கும். உறையை விரலால் அழுத்திப் பிடித்தால் 'டக்' என்று தட்டுவது கையில் உணரப்படும்.

பிறகு வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள் (ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள்). சக்கரத்தைக் கடிகாரத்தின் 3, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் கோளாறு டை ராட் எண்டில் (ரேக்கிலிருந்து வரும் கம்பி சக்கரப் பக்கம் சேரும் வெளி மூட்டு) அல்லது ரேக் எண்டில். 12, 6 மணி இடங்களில் ஆடினால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு).

டை ராட் எண்டைக் கழற்றும் முன் அதை இறுக்கிப் பிடிக்கும் லாக் நட் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, எத்தனை சுற்றில் கழன்று வருகிறது என்று எண்ணுங்கள். அந்த மூட்டின் ஸ்டட்டில் (மரையுள்ள தண்டு) இருக்கும் மரையில் சுத்தியால் அடிக்காமல், அது அமர்ந்திருக்கும் நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) கண்ணின் பக்கவாட்டில் அடித்தால் பிடி விடும். புதிதை அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னுக்கான துளை நேர்படவில்லையென்றால் நட்டை இன்னும் முறுக்கிச் சரிசெய்யுங்கள், தளர்த்தாதீர்கள். பழைய பின்னைத் திரும்பப் போடுவது தவறு. இவ்வளவும் முடிந்த பிறகே அலைன்மென்ட்.

ரேக்கில் உள்ள அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை முறுக்கி ஆட்டத்தை மறைப்பதுதான் மிக மோசமான குறுக்குவழி. ரேக் அதிகம் தேய்வது நடுப்பகுதியில். அங்கே இறுக்கிவிட்டால் தேயாத ஓரங்களில் கெட்டியாகப் பிடிக்கும், வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது.

புது ரேக் எண்டு போடும்போது உறையில் கிழிசல் இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். கிழிசல் வழியே தண்ணீரும் மணலும் புகுந்துதான் பழையது தேய்ந்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்