ரவுட்டரை அணைப்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையத்தளம் திறக்காவிட்டால் ரவுட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடும்படி தங்கள் தொழில்நுட்பப் பக்கம் கூறியிருந்தது. களுவாஞ்சிக்குடியில் கணினி திருத்திப் பிழைக்கும் எனக்கு இந்த மந்திரம் மனப்பாடம். வாடிக்கையாளர் சேவை இலக்கத்தை அழைத்தாலும் இதையேதான் ஓதுகிறார்கள். பரீட்சைப் பெறுபேறு இணையத்தில் வெளியான அன்று ஒரு மாணவியின் தந்தை மடிக்கணினியோடு வந்தார். வேறொரு கடையில் வின்டோசையே அழித்து மறுபடி போட்டுக் காசும் வாங்கியிருந்தார்கள். தளம் அப்போதும் திறக்கவில்லை. குறை அந்தக் கணினியில் இருந்தால்தானே!

தளத்தின் பெயரைக் கேட்டு அதன் இலக்க முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ் சேவையகத்தின் வேலை. தர முடியாதபோது அது காரணத்தையும் 'குறி' எனும் ஓர் எண்ணாகச் சொல்லிவிடுகிறது. 1987இலேயே வகுத்துவைத்த ஒழுங்கு இது. வின்டோசின் கட்டளைச் சாளரத்தில் 'என்எஸ்லுக்கப்' (nslookup) என்ற கட்டளையோடு தளத்தின் பெயரைத் தட்டினால் அந்தக் காரணம் ஆங்கிலச் சொற்களாகத் திரையில் வந்து விழும்: குறி 2 என்றால் 'Server failed', 3 என்றால் 'Non-existent domain', 5 என்றால் 'Query refused'. ஆனால் கேட்பார்தான் இல்லை.

குறி 3, அதாவது என்எக்ஸ்டொமைன், வந்தால் அப்படியொரு பெயரே இல்லை என்று பொருள். முதலில் எழுத்துப்பிழையைப் பாருங்கள். அடுத்து, தளத்துக்குரியவர் பதிவைப் புதுப்பித்தாரா என்று விசாரியுங்கள். புதிதாகத் தளம் தொடங்கும் கல்முனை வியாபாரிகளுக்கு ஒரு சொல்: பெயர் பதிவாகும் முன்பே அவசரப்பட்டுத் தட்டிப் பார்க்காதீர்கள். 'இல்லை' என்ற பதிலையும் சேவையகம் நினைவில் வைத்துக்கொள்ளும். அது மறையச் சில மணி நேரம்கூடப் பிடிக்கலாம்.

எங்களை அதிகம் அலைக்கழிப்பது குறி 2, சேர்வ்ஃபெயில். பெயர் இருக்கிறதா இல்லையா என்பதையே சேவையகத்தால் கண்டறிய முடியவில்லை. தளத்தின் சொந்தச் சேவையகங்கள் படுத்திருக்கலாம்; பதில் போலியல்ல என்று உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் கையொப்பம் காலாவதியாகியிருக்கலாம்; நமக்கு இணைப்புத் தரும் வழங்குநரின் சேவையகமே தடுமாறியிருக்கலாம். பிரித்தறிய, அதே கட்டளையின் முடிவில் 8.8.8.8 என்று சேர்த்துக் கூகுளின் சேவையகத்திடம் கேளுங்கள். அங்கே பதில் கிடைத்தால் சந்தேகம் வழங்குநர் மேல்தான், தயங்காமல் முறையிடுங்கள். அங்கேயும் 2 வந்தால் பெரும்பாலும் தளத்தை நடத்துபவர்களின் பாடு. அவர்கள் சரிசெய்யும்வரை நம் வீட்டில் எதை அணைத்தும் பயனில்லை.

குறி 5 மறுப்பு. ஒரு நிறுவனத்தின் இணைப்பை விட்டு இன்னொன்றுக்கு மாறியவர்களின் கணினியில் பழைய டிஎன்எஸ் முகவரி அப்படியே கிடக்கும். தன் வாடிக்கையாளர் அல்லாதவருக்கு அந்தச் சேவையகம் ஏன் பதில் சொல்ல வேண்டும்? முகவரியை 'தானாகப் பெறு' என்று மாற்றினால் வேலை முடிந்தது. 1, 4 ஆகிய குறிகள் கடைக்கு வருவதே அரிது, விட்டுவிடலாம்.

எந்தக் குறியும் வராமல் நேரம் முடிந்துவிட்டது என்று மட்டும் காட்டினால், கேள்வி போய்ச் சேரவில்லை அல்லது பதில் திரும்பவில்லை. தங்கள் அறிவுரை முதலில் பொருந்துவது இந்த இடத்தில்தான். அப்போது ரவுட்டரைத் தாராளமாக அணைத்துப் போடுங்கள், கேபிளையும் பாருங்கள்.

ஆகவே சேவை இலக்கத்தில் பேசுபவர்கள் முதலில் 'என்ன குறி வருகிறது?' என்று கேட்கப் பழக வேண்டும். தாங்களும் 2, 3, 5 ஆகிய மூன்றையும் அடுத்த வாரம் கட்டம் கட்டி வெளியிட்டால், வெட்டியெடுத்து என் கடைச் சுவரில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
கணினி திருத்துநர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.