மலையை மட்டமாக்கச் சொன்ன உங்கள் கம்பனிக்கு

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா / அம்மணி,

இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றும் ஈமெயில். மூன்றுக்கும் "உங்கள் முறைப்பாடு கிடைத்தது" என்று ஒரே பதில், அதுவும் நான் அனுப்பிய அதே நிமிடத்தில். அதனால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கத்தானே வேண்டும்.

நான் ஹட்டன் பக்கம் சின்னச் சின்ன வீட்டுக் கொந்தராத்து செய்பவன். இத்தனை வருசமும் கட்டக் கொப்பியில் பென்சிலால்தான் பிளான் போட்டேன். இப்போது படம் வரைபவரும் "ஃபைலாகக் கொண்டு வாங்க" என்கிறார், அதனால் பெப்ரவரியில் 68,500 ரூபா கட்டி உங்கள் வீடு வரையும் சொப்ட்வெயாரை வாங்கினேன், சின்னது கூட இல்லை, பெரிய பதிப்பு. வாங்கும் முன் இரண்டே கேள்விதான் கேட்டேன். தரைப்படம், எலிவேஷன் (வீட்டை வெளியே நின்று நேராகப் பார்த்த மாதிரிப் படம்) இரண்டும் வருமா? சரிவு நிலத்துக்குச் சரிவருமா? உங்கள் விற்பனைப் பிரிவு அம்மணி "எல்லாம் வரும் சார்" என்றார். அந்த வட்ஸ்அப் பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

முதல் வேலை என் தங்கச்சிக்குத் தோட்டத்தில் கிடைத்த 7 பேர்ச்சஸ். 1,900 சதுர அடி சொச்சம். சொல்லும்போது பெரிதாகத்தான் தெரியும், ஆனால் ரோட்டுப் பக்க மூலையில் இருந்து தண்ணீர்ப் பீலிப் பக்க மூலைக்கு நாலரை அடி இறக்கம். சரி, நிலம் மெனுவில் சரிவைக் கொடுத்தேன். த்ரீடியில் புல்தரை அழகாகச் சாய்கிறது. எலிவேஷன் பட்டனை அமுக்கினால் அதே புல்தரை மேசை மாதிரி மட்டமாகிவிடுகிறது, பீலிப் பக்கம் நான் வரைந்த தாங்கு சுவர், தண்ணீர் வடிய வைத்த குழாய் ஓட்டைகள், எல்லாம் மண்ணுக்குள். உங்களுக்குத் தெரியாததா, உங்கள் சாமான்தானே.

இதைக் கேட்கத்தான் கோல் எடுத்தேன். எங்கள் வீட்டில் சிக்னல் இல்லை, கோயில் மேட்டுக்கு லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். 22 நிமிடம் பாட்டுக் கேட்டேன். அப்புறம் ஒரு தம்பி எடுத்து, நான் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தி, "அண்ணே, நிலத்தை வெட்டி மட்டமாக்கிட்டுக் கட்டுங்களேன், படம் சரியா வரும்" என்றார். பின்னால் யாரோ சிரித்த சத்தமும் கேட்டது.

சொப்ட்வெயாருக்காக மலையை வெட்டவா? எங்கள் பக்கம் வீட்டுக்குப் பின்னால் மண்ணை நட்டுக்குத்தாக வெட்டிவிட்டு ஒரு மழைக்காலம் நிம்மதியாகத் தூங்கிவிட முடியுமா? 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளே மண்சரிவில் மண்ணுக்குள் போனதை அந்தத் தம்பி கேள்விப்பட்டதே இல்லையா? நுவரெலியா மாவட்டத்தில் வீடு கட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். சரிவையும் தாங்கு சுவரையும் ஒளித்த படத்தை நான் எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது? மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். உங்களைத் தனிப்பட்ட முறையில் சொல்லவில்லை.

அளவுகளும் அப்படித்தான். அடி, அங்குலத்துக்கு மாற்றினால் 10 அடி 10 அங்குலம் என்று காட்டாமல் 10.83 என்று காட்டுகிறது. எங்கள் மேசன் பாஸ் அதை 10 அடி 8 அங்குலம் என்று வாசித்து அத்திவாரம் வெட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், முப்பது வருசமாக டேப்பைப் பிடிப்பவர், புள்ளி போட்ட அடியை எங்கே கண்டார்? இரண்டு அங்குலம்தானே என்பீர்கள். அந்த இரண்டு அங்குலத்துக்கு இரண்டு பேரின் ஒரு நாள் கூலியும், போட்ட கொங்கிரீட்டும் போனது.

பிரிண்டும் பிழை. 1:100, அதாவது நூறில் ஒரு பங்கு அளவு என்று கொடுத்துத்தான் எடுத்தேன். 20 அடிச் சுவர் 6.1 சென்டிமீட்டர் வர வேண்டும், அடிமட்டம் வைத்துப் பார்த்தால் 5.4. தாளுக்கு அளவாகச் சுருக்கிவிடுகிறதாம். படத்தில் இருந்து அளவு எடுக்கவே முடியாதென்றால் அதை எதற்குப் பிளான் என்று சொல்கிறீர்கள், வாழ்த்து அட்டை என்று சொல்லுங்கள்.

கொழும்புக்கு வந்த கதையை விட்டுவிட்டேன். "நேரில் வந்தால் பத்து நிமிட வேலை" என்று உங்கள் ஆள்தான் சொன்னார். விடியற்காலை பஸ் ஏறி, கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று உடம்பெல்லாம் குலுங்கி, பத்தரைக்கு பம்பலப்பிட்டி காரியாலயத்துக்கு வந்தால், தொழில்நுட்பக்காரர் செவ்வாய்க்கிழமைகளில் வீட்டில் இருந்துதான் வேலையாம். கோல் போட்டுத் தாருங்கள் என்றேன். ஈமெயில் போடச் சொன்னார்கள். ஒரு கிளாஸ் தண்ணீர் கூடத் தரவில்லை, ஒரு விளம்பரத் தாளைத்தான் கையில் வைத்தார்கள். அதன் அட்டையில் என்ன படம் தெரியுமா? மலைச்சரிவில் ஒரு வீடு! அதையும் இத்துடன் இணைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள்.

படம் வரைபவர் கேட்கும் டீடபிள்யூஜீ (கம்பியூட்டரில் பிளான் வரையும் ஃபைல் வகை) ஃபைல் வேண்டுமென்றால் இன்னும் 19,000 கட்டி அப்கிரேட் செய்ய வேண்டுமாம். இதை வாங்கும்போது யாரும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் அக்கா மகன் சுவீட் ஹோம் த்ரீடி என்ற சொப்ட்வெயாரில் தரைப்படத்தை இரண்டு இரவில் போட்டான். அது இலவசம். எலிவேஷனையும் வெட்டுமுகத்தையும் (வீட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரிப் படம்) லிப்ரெகாட் என்ற இன்னொரு சொப்ட்வெயாரில் கோடு கோடாக இழுத்தோம், அதுவும் இலவசம். கஷ்டம்தான், ஆனால் நாலரை அடி நாலரை அடியாகவே நிற்கிறது. என்னுடைய 68,500 மட்டும் உங்களிடம் நிற்கிறது.

இதனால் எனக்கு நாலு லட்சத்துக்குக் குறையாத நட்டம். கையில் இருந்த இரண்டு வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது, ஊரில் என் பெயரும் கெட்டுவிட்டது. அவ்வளவையும் நான் கேட்கவில்லை. கட்டிய 68,500, அத்திவாரம் திருத்திய செலவு, பஸ் காசு, இவ்வளவுதான். பற்றுச்சீட்டுப் பிரதிகள் உள்ளே இருக்கின்றன. தயவுசெய்து 14 நாளுக்குள் தீர்த்து வையுங்கள், நான் சண்டைக்காரன் இல்லை. தீர்க்காவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுவேன். அவர்களின் 1977 தொலைபேசி இலக்கம் ஏற்கெனவே போனில் சேமித்து வைத்திருக்கிறேன். அந்த வட்ஸ்அப் பதிலும் கூடவே போகும்.

பேச வேண்டுமென்றால் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எடுங்கள், அப்போது கோயில் மேட்டில் இருப்பேன். அந்தத் தம்பியிடம் மட்டும் போனைக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன், ஹட்டன்