ராசாவுக்கு அழுதவர்களுக்கும் சூடையைக் கொண்டுவந்தவர்களுக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

போன வருஷம் வைகாசியில் எங்கள் ராசா செத்தபோது வீட்டுக்கு வந்தவர்களிடமும், வழியில் நிறுத்தி விசாரித்தவர்களிடமும் நான் ஒரு வார்த்தைகூடச் சரியாகப் பேசவில்லை. அப்போது வாய் வரவில்லை. இப்போது ஆடி வந்துவிட்டது, சூடை என்ற புதுக் குஞ்சும் வந்துவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ராசா ஒரு காக்கட்டீல் கிளி, பேச்சு வழக்கில் காக்டெய்ல். (சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், பழகிவிட்டது.) ஆஸ்திரேலியாப் பறவை. மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, மொத்தமே ஒரு கைப்பிடி. பாம்பனில் என் தையல் மெஷின் பக்கத்தில் ஒன்பது வருடம் இருந்தான். இந்த இனத்துக்கு இறகிலிருந்து மாவு மாதிரி வெள்ளைத் தூசி உதிரும். தினமும் காலையில் மெஷினைத் துடைத்துவிட்டுத்தான் துணியையே வைப்பேன். கறுப்பு ஜாக்கெட் தைக்கும் நாளில் அவனைத் திட்டாமல் இருந்ததில்லை.

வீட்டுக்காரர் படகு இன்ஜின் மெக்கானிக். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் ஒரு விசில் அடிப்பார். ராசா அதைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் அப்புறம், தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதுமே அவன் முந்திக்கொண்டு அடிப்பான்.

அது மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் சும்மா நின்றதால் அவருக்கு வேலை குவிந்து, விடியும் முன்பே கிளம்பிவிட்டார். நான் நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரம், அளவு கொடுக்க ஒருவர் வந்தார். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம் என்று பேசிவிட்டு உள்ளே போனால் காலிக் கல் காய்ந்து புகைந்துகொண்டிருக்கிறது. எனக்கு லேசான நெடி, அவ்வளவுதான். ராசா கூண்டின் அடியில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடினான். துண்டில் சுற்றி, ஆட்டோ பிடித்து, கால்நடை மருந்தகம் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அங்கிருந்த டாக்டரம்மாவுக்குத்தான் முதல் நன்றி. நான்ஸ்டிக் பூச்சு அளவு மீறிச் சூடானால் ஒரு வாயு வரும், நம்மைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, பறவையின் நுரையீரலை நிமிடங்களில் கெடுத்துவிடும் என்று சொன்னார். “என்னாலதானே?” என்று கேட்டேன். மற்றவர்கள் எல்லாரும் “இல்லை இல்லை” என்றுதான் சொன்னார்கள். அவர் மட்டும், “ஆமாம்மா, ஆனா உங்களுக்குத் தெரியாது. இப்பத் தெரியும்” என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் அன்று இரவைக் கழித்தேன். மறுநாள் அந்தக் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்புக் கல்லுக்கு மாறினேன். பறவை வைத்திருக்கும் வீடுகளில் இதைச் சொல்லிவிடுங்கள். பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

பூவரச மரத்தடியில் குழி வெட்டிய எதிர்வீட்டுப் பையனுக்கு நன்றி. அடையாளத்துக்கு என்று தன்னிடம் இருந்த சங்கை மேலே வைத்தான். எட்டு வயதுப் பிள்ளை, அதைத் திரும்பக் கேட்கவே இல்லை.

நாத்தனார் என்னைக் கேட்காமலே கூண்டைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று கோபம்தான் வந்தது. கழுவி, வெயிலில் காயவைத்து, ஏழு மாதம் தன் வீட்டுப் பரணில் வைத்திருந்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

“ஒரு குருவிக்கா இந்தப் பாடு?” என்று கேட்டவர்களும் உண்டு. சரி, விடுங்கள்.

அந்த மாதங்களில் மெஷினைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை. எத்தனை நாள் விட்டாலும் பளபளவென்று இருந்தது. வீட்டுக்காரர் விசில் அடிக்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

தை மாதம் அவரே, “இன்னொண்ணு பாக்கலாமா?” என்றார். பறவை விற்கும் ஒருவர், கண் திறந்து சில நாளே ஆன குஞ்சைக் காட்டி, நீங்களே ஊட்டி வளர்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்றார். பயந்து திரும்பிவிட்டோம். ராமநாதபுரத்தில் வீட்டு மாடியில் பறவை வளர்க்கும் தம்பிதான், “தானா கொத்தித் தின்னட்டும்கா, அப்புறம் தர்றேன்” என்று பத்து வாரம் முடியும்வரை முன்பணம்கூட வாங்காமல் வைத்திருந்தார். ராசாவின் நிறம் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்காமல் சாம்பல் நிறக் குஞ்சை எடுத்துக் கொடுத்தார். இருட்டில் மிரண்டு கூண்டில் அடித்துக்கொள்ளும், ராத்திரி சின்ன விளக்கு எரியட்டும் என்று அவர் சொன்னது, தகரம் தடதடத்த முதல் இரவே உதவியது.

கொண்டுவந்த நாள் பேருந்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பச்சைக்கிளியா, கேஸாகிவிடுமே என்று நடத்துனர் அண்ணன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நம் ஊர்க் கிளியை வளர்ப்பதுதான் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், இது வெளிநாட்டுப் பறவை என்று விளக்கினேன். அப்புறம் அவரே பாலம் ஏறும் முன் எங்கள் பக்கத்துக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினார். பாம்பன் காற்று தெரியும்தானே, பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். கடல் பார்க்க வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று, மூடிய கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தது. அவர்களுக்கும் நன்றி.

சூடை என்று பெயர் வைத்தது எதிர்வீட்டுப் பையன். வெயிலில் சூடைமீன் மாதிரி மின்னுகிறதாம். அவனுடைய அப்பா கரையில் ஒதுங்கும் ஓட்டுக்கணவாய் ஓட்டைப் பொறுக்கி வந்து தருகிறார். நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்து, காயவைத்துக் கூண்டில் செருகினால் சுண்ணாம்புச் சத்துக்கு வேறு எதுவும் தேட வேண்டாம். நகரத்தில் இதையே அட்டையில் கட்டிக் காசுக்கு விற்கிறார்கள்.

முதல் இறகு உதிர்ந்து முளைத்த பிறகும் வாலின் அடியில் மஞ்சள் வரி போகவில்லை. அப்படியானால் பெட்டை என்றார் ராமநாதபுரத்துத் தம்பி. பெட்டைகள் பெரும்பாலும் விசில் அடிக்காது.

வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் விசில் அடித்தார். சூடை கொண்டையைத் தூக்கி, கழுத்தைச் சாய்த்து, வாசலைப் பார்த்தாள். அவர் இன்னொரு முறை அடித்துவிட்டு உள்ளே வந்தார். தினமும் அப்படித்தான் வருகிறார்.

இப்படிக்கு,
பாம்பன் தையல்காரி