சாயங்கால வண்டியில் வந்த சேச்சிமாருக்கு

கேரளத்து நெய்யாற்றின்கரையிலிருந்து எல்லைக்கு இந்தப் பக்கம் நம் களியக்காவிளைக்கு வரும் சாயங்கால பஸ்ஸில் ஏறி வந்த, பெண்களின் பாதுகாப்புக்கான பிங்க் போலீஸ் சேச்சிமார் இரண்டு பேருக்கும், அந்த வண்டியின் கண்டக்டர் அண்ணனுக்கும், மீன் விற்றுவிட்டு வெறும் சருவத்தோடு வந்த பாட்டிக்கும் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று சேச்சி சொல்லிவிட்டார். படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

என் மகள் அங்கே காலேஜில் முதல் வருஷம். ஓணம் லீவு முடிந்ததிலிருந்து தினமும் தலைவலி, வயிற்றுவலி, போக மாட்டேன் என்றாள். படிப்பு கஷ்டம் போலிருக்கிறது என்று நானும் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் ஷாலைத் துவைக்க எடுத்தபோது கையில் சுருக்கென்று குத்தியது. பார்த்தால் ஓரத்தில் வரிசையாக ஐந்து ஊக்கு. ஷால் நிற்க ஒன்று போதுமே? கேட்டதும் அழுதுவிட்டாள்.

அமரவிளையில் ஏறும் நாலு பையன்கள். படியில் தொங்கிக்கொண்டு பாட்டும் கமென்டும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மேலே வந்து விழுவது. அப்புறம் போனில் படம் எடுப்பது. எல்லையில் இருக்கும் இஞ்சிவிளை தாண்டியதும் நல்ல பிள்ளைகள் ஆகிவிடுவார்களாம். களியக்காவிளையில் தெரிந்த முகம் இருக்குமே!

நம் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றுக்குப் போனேன். "சம்பவம் நடந்தது கேரளாவில், அங்கே போய்க் கொடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். 1956-இல் போட்ட மாநில எல்லைக் கோடு பஸ்ஸுக்குத் தெரியவில்லை, ஸ்டேஷனுக்கு மட்டும் நன்றாகத் தெரிகிறது.

பக்கத்து வீட்டுப் பெண் 1515 நம்பரைக் கொடுத்தாள். கேரள பிங்க் போலீஸின் நம்பர். அரை நம்பிக்கையோடுதான் கூப்பிட்டேன். நான் தமிழில் சொன்னேன், அந்தப் பக்கம் மலையாளத்தில் கேட்டார்கள், ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில் இரண்டு பேர் ஏறினார்கள். 2021 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் இப்படி பஸ்ஸில் போய்வருவதற்கென்றே 'பிங்க் பீட்' உண்டாம். எனக்கு அதுவரை தெரியாது.

முதல் நாள் யூனிஃபாரம். பையன்கள் பஜனைக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்களாம். மறுநாள் ஒரு சேச்சி மட்டும் சுடிதாரில், கையில் சோற்றுப் பையோடு, என் மகள் பக்கத்தில். ஒருவன் போனைத் தூக்கியதும் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சத்தமே போடாமல், "எடா, எனிக்கும் காணிக்கு" என்றாராம், எனக்கும் காட்டு என்று. கண்டக்டர் அண்ணன் பெல்லை இழுத்தார், வண்டி பாறசாலையில் நின்றது. நேரமாகிறது என்று ரெண்டு பேர் முணுமுணுக்க, பாட்டி போட்ட சத்தத்தை மகள் இன்னும் நடித்துக் காட்டுகிறாள்: "பிந்தினா என்னலே, சோறு ஓடியா போவும்? சும்மா இரி!"

நாலு பேரின் வீட்டுக்கும் போன் போனது. அதில் ஒருவன் எங்கள் தெருப் பையன். அவன் அம்மா இப்போது என்னோடு பேசுவதில்லை. சரி, என்ன செய்ய.

அதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் போய்விடவில்லை. அதற்கப்புறமும் ஒரு மாதம் போல அதே வண்டியில் வந்தார்கள், ஒன்றுமே நடக்காத நாட்களிலும். ஒன்றும் நடக்காத அந்த நாட்களுக்குத்தான் என் பெரிய நன்றி. மகளுக்குத் தலைவலி நின்றது அப்போதுதான்.

சேச்சி இன்னொன்றும் சொன்னார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கிப் பதிய வேண்டும். சீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்களாம். காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது அவர்களுக்கு வேறு ரூட். சேச்சிமாரே, திரும்பவும் இந்தப் பக்கம் டியூட்டி விழுந்தால் களியக்காவிளை வரைக்கும் வாருங்கள். ஸ்டாண்டிலிருந்து வீடு அஞ்சு நிமிஷ நடை. மரச்சீனிக் கிழங்கு அவித்து வைக்கிறேன், மீன் பாட்டியிடம் சொல்லியாகிவிட்டது.