காய்ச்சல் வார்டில் 90/70: அரசு மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் டீன்கள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்கள், நிலைய மருத்துவ அலுவலர்கள், செவிலியர் கண்காணிப்பாளர்கள், கருவி கொள்முதல் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இதை எழுதுகிறேன். மழை பிடித்துச் சில வாரங்களில் காய்ச்சல் வார்டுகள் நிரம்பிவிடும். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் பாய் விரித்து, நோயாளியோடு வந்த அட்டெண்டர்கள் படுத்திருப்பார்கள். அந்த நெரிசலில் புதிய பழக்கம் எதையும் வார்டுக்குள் கொண்டுவர முடியாது. அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

பொது வார்டில் ஷாக்கை, அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத நிலையை, நோக்கிச் சரிந்துகொண்டிருக்கும் நோயாளியை, ரத்தக் குழாய்க்குள் எதையும் செருகாமலே கண்டுபிடிக்க நம் கையில் ஏற்கெனவே வழிகள் இருக்கின்றன. அவற்றை முதலில் ஒழுங்குபடுத்துங்கள். விலை உயர்ந்த மானிட்டருக்கு டெண்டர் விடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இந்த வரிசை மாறுவதால் உயிர்கள் போகின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டெங்குவிலிருந்து தொடங்குகிறேன். காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து ஆரம்பம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்புச் சூடு இறங்கும் நேரத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா எனும் ரத்த நீர் கசியத் தொடங்குகிறது. கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். "ஜுரம் விட்டுடுச்சு டாக்டர், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று தாய் கேட்கும் அதே நேரத்தில், பிள்ளையின் ரத்தக் குழாய்களுக்குள் ரத்தத்தின் அளவு குறைந்துகொண்டிருக்கும். உடம்பு சும்மா இருக்காது. கை கால்களின் ரத்தக் குழாய்களை இறுக்கி, இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் தள்ளும். அந்த இறுக்கத்தால் ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணான டயஸ்டாலிக் ஏறும், மேல் எண்ணான சிஸ்டாலிக் அப்படியே நிற்கும். 90/60 இருந்தது 90/70 ஆகும். இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியைத்தான் பல்ஸ் பிரஷர் என்கிறோம். அது 20க்கோ அதற்குக் கீழோ வந்துவிட்டால் அந்தப் பிள்ளை ஷாக்கில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு டெங்கு வழிகாட்டியில் இது தெளிவாகவே இருக்கிறது.

ஆனால் ரவுண்ட்ஸில் 90/70 என்று வாசித்தால் யாரும் நிற்பதில்லை. சிஸ்டாலிக் 90, சின்னப் பிள்ளைக்குப் பரவாயில்லை என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம். சராசரி அழுத்தத்தைக் கணக்குப் போட்டாலும் ஏறக்குறைய 77 வரும். கிருமித் தொற்றால் வரும் செப்டிக் ஷாக்கில் பெரியவர்களுக்கு நாம் பாடுபட்டு எட்டப் பார்க்கும் 65ஐ விட அது அதிகம். எந்த எண்ணைப் பார்த்தாலும் நிம்மதியாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்றிருக்கும். கையை மெல்ல மேலே நகர்த்தினால் முழங்காலுக்குக் கிட்டத்தில் எங்கோ சூடு தட்டும். குளிர்ச்சி முடியும் இடத்தில் பேனாவால் கோடே போடலாம். மணிக்கட்டு நாடி விரலுக்குச் சரியாகச் சிக்காது. கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்று கேட்டால் தாய்க்கு நினைவுக்கு வராது. சிஸ்டாலிக் விழட்டும் என்று காத்திருந்தால், விழுந்த பிறகு நம் கையில் இருப்பது நிமிடங்கள்தான்.

நான் வேலை பார்த்த வார்டுகளின் கேஸ் ஷீட்டில் பிபிக்கு ஒரே ஒரு கட்டம். அதில் சில நேரம் மேல் எண் மட்டும் இருக்கும். பல்ஸ் பிரஷருக்கு இடமில்லை, பாதம் சூடா குளிர்ச்சியா என்று எழுத இடமில்லை. இடமில்லாததை நள்ளிரவு இரண்டு மணிக்கு யாரும் எழுதமாட்டார்கள். எழுதாததைக் காலையில் வரும் டாக்டர் பார்க்கவும் முடியாது. அந்தத் தாளில் இன்னும் சில கட்டங்கள் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

அடுத்தது கஃப், பிபி பார்க்கக் கையில் சுற்றும் பட்டை. பிபி, நாடி எல்லாம் ஒரே திரையில் காட்டும் மல்ட்டிபாரா மானிட்டரைப் பற்றி ஒரு விஷயம் நம்மில் பலருக்கே மறந்துபோகிறது. அது சிஸ்டாலிக்கையும் டயஸ்டாலிக்கையும் நேரடியாக அளப்பதில்லை. கஃப் காற்றிறங்கும்போது ஏற்படும் அதிர்வைப் பிடித்து, அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடத்தைச் சராசரி அழுத்தமாக எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அந்தந்தக் கம்பெனியின் சூத்திரப்படி கணக்கிட்டுத் தருகிறது. நோயாளி நடுங்கினாலும், நாடி ஒழுங்கற்று ஓடினாலும், அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டாலும் அந்தக் கணக்கின் நம்பகம் குறையும். நமக்கு அது அதிகம் தேவைப்படும் நேரமும் அதுதான். அதோடு கஃப் அளவும் தப்பாகிவிட்டால் பேச ஒன்றுமில்லை. கஃபின் உள்ளே இருக்கும் காற்றுப் பையின் அகலம் கைச் சுற்றளவில் ஏறக்குறைய 40 சதவீதமும் நீளம் 80 சதவீதமும் இருக்க வேண்டும். பெரியவர் கஃபைப் பிள்ளையின் கையில் சுற்றினால் அழுத்தம் குறைத்துக் காட்டும், பருமனான கையில் சின்னக் கஃபைச் சுற்றினால் கூட்டிக் காட்டும். நான் பார்த்த ஒரு வார்டில் மானிட்டர் புத்தம் புதிது. கூட வந்த ஒரே கஃபின் வெல்க்ரோ தேய்ந்துபோய், அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டி எல்லாக் கைக்கும் அதையேதான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மானிட்டர் வந்தபோது திறப்பு விழா நடந்தது. கஃப் கேட்டு எழுதிய இன்டெண்ட் கடைசி வரை ஸ்டோரிலேயே கிடந்தது.

கொள்முதல் குழுவினரிடம் என் வேண்டுகோள் இதுதான்: ஒவ்வொரு மானிட்டருக்கும் பச்சிளங்குழந்தை, குழந்தை, பெரியவர், பெரிய கை என எல்லா அளவிலும் கஃபும், தேய்ந்தால் மாற்ற ஒரு செட்டும் ஆர்டரிலேயே சேரட்டும். ஷாக் சந்தேகம் வந்த நோயாளிக்குக் கையால் அடித்து, ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒருமுறை சரிபார்க்க, ஓடுகிற பிபி அப்பரட்டஸ் ஒன்று ஒவ்வொரு வார்டிலும் இருக்கட்டும்.

இனி விரல் நுனி. 2019இல் வெளியான ஆண்ட்ரோமெடா ஷாக் ஆய்வைப் படித்திருப்பீர்கள். சிலி, அர்ஜென்டினா, கொலம்பியா, ஈக்வடார், உருகுவே ஆகிய ஐந்து நாடுகளில் 28 ஐசியூக்கள், செப்டிக் ஷாக்கில் 424 நோயாளிகள். ஒரு பாதிப்பேருக்கு, திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறும் ரத்த லாக்டேட் அளவைப் பார்த்துச் சிகிச்சை. மறு பாதிப்பேருக்குக் கண்ணாடி ஸ்லைடால் வலது ஆள்காட்டி விரல் நுனியின் உள்பக்கத்தைப் பத்து விநாடி அழுத்தி விட்டு, நிறம் திரும்ப மூன்று விநாடிக்கு மேல் ஆகிறதா என்று அரை மணிக்கு ஒருமுறை பார்த்துச் சிகிச்சை. 28ஆம் நாளில் இறப்பு லாக்டேட் குழுவில் 43.4 சதவீதம், விரல் பார்த்த குழுவில் 34.9 சதவீதம். தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்வதற்கான புள்ளியியல் எல்லையை இந்த வித்தியாசம் சற்றே தவறவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் லாக்டேட்டைவிட விரல் எந்த விதத்திலும் மோசமில்லை என்பதற்கு அது போதும். 2021இல் வந்த சர்வதேச செப்சிஸ் வழிகாட்டியும் மற்ற அளவீடுகளோடு இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. லாக்டேட் பார்க்கும் மெஷின் இல்லாத தாலுகா மருத்துவமனைக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! நம் ஊர்த் தோல் நிறத்தில் இது தெரியாது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். விரலின் உள்பக்கச் சதை யாருக்கும் வெளிர்ந்துதான் இருக்கும், நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். ஏசியில் குளிர்ந்த கையில் பார்த்தால் மட்டும் ஏமாறலாம். ஆகவே ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு டார்ச்சும், விநாடி முள் ஓடும் சுவர்க் கடிகாரமும் கேட்கிறேன். இதைக் கேட்கக் கூச்சமாக இல்லை. சில வார்டுகளில் கடிகாரம் நின்றுபோய் எவ்வளவு காலமாயிற்று என்று யாருக்கும் தெரியாது.

பிரசவ வார்டுக்கும் ஒரு எளிய கணக்கு உண்டு. நாடித் துடிப்பைச் சிஸ்டாலிக்கால் வகுத்தால் ஷாக் இண்டெக்ஸ். பிரசவம் முடிந்த பெண்ணுக்கு அது 0.9ஐத் தொட்டால் ரத்தப்போக்கு இருக்கலாம் என்று விழித்துக்கொள்ள வேண்டும். நாடி 110, பிபி 100 என்றால் 1.1. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே யாரையும் பதறவைக்காத எண்கள்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதற்கும் இந்தக் கண்காணிப்புதான் துணை. ஷாக் என்றதும் டிரிப்ஸை முழுவேகத்தில் திறந்துவிடுவது நம் கைப்பழக்கம். 2011இல் கென்யா, உகாண்டா, தான்சானியாவில் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றிய 3,141 குழந்தைகளிடம் நடந்த ஃபீஸ்ட் ஆய்வில், வேகமாகத் திரவம் ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10.5 சதவீதத்துக்கு மேல். அப்படி ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். அந்தக் குழந்தைகளின் நோய் வேறு, டெங்கு ஷாக்குக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. டெங்கு ஷாக்கில் திரவம்தான் மருந்து. ஆனாலும் கசிவு நின்று, வெளியே போன நீர் திரும்ப ரத்தத்துக்குள் வரும் கட்டத்தில் டிரிப்ஸ் ஓடிக்கொண்டே இருந்தால் நுரையீரல் நிரம்பிவிடும். ஷாக்கிலிருந்து மீண்ட பிள்ளை மூச்சுத் திணறி ஐசியூவுக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இன்னும் திரவம் கொடுத்தால் இதயம் ஏற்றுக்கொள்ளுமா என்று பெரியவர்களிடம் பார்க்க, கால்களை உயர்த்தும் சோதனை இருக்கிறது. தலைப்பக்கம் 45 டிகிரி உயர்ந்திருக்கும் நோயாளியைப் படுக்கவைத்து, கால் பக்கத்தை அதே அளவு உயர்த்தினால், கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் ஏறக்குறைய 300 மில்லி ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது. அப்போது இதயம் வெளியேற்றும் ரத்தம் கூடுகிறதா என்று ஒரு நிமிடத்துக்குள் விடை தெரிந்துவிடும். கால்களை இறக்கினால் எல்லாம் பழையபடி, ஒரு சொட்டுத் திரவம்கூட உள்ளே போகவில்லை. பிபியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் தவறலாம், அல்ட்ராசவுண்டால் இதயத்தைப் பார்க்கும் எக்கோவில் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேற்றும் அளவைப் பார்ப்பதே நல்லது. இதற்கு இரண்டு தடைகள். ஒன்று, கிராங்க் சுற்றினால் ஏறி இறங்கும் கட்டில் வேண்டும், கைப்பிடி கழன்று காணாமல் போகாத கட்டில். இரண்டாவது, அல்ட்ராசவுண்ட் மெஷின். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பதிவு செய்தாக வேண்டும், அதை இயக்குபவரும் அந்தப் பதிவில் இருக்க வேண்டும். அந்தச் சட்டம் தேவையானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அவசரப் பிரிவுக்கென ஒரு மெஷினையும், அங்கே இரவுப் பணி பார்க்கும் டாக்டர்களையும் முன்கூட்டியே பயிற்சி கொடுத்து முறைப்படி பதிவு செய்துவிட்டால் போதும். அது கண்காணிப்பாளர் மேசையில் முடியும் வேலை. நள்ளிரவில் ஸ்கேன் அறைச் சாவியைத் தேடி ஓடும் நிலை இருக்காது.

விலை உயர்ந்த கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மார்பில் ஒட்டும் சென்சார் வழியாக இதய வெளியேற்றத்தை அளக்கும் பயோரியாக்டன்ஸ் மெஷினோடு, கால் உயர்த்தும் சோதனையையும் சேர்த்துச் செய்த ஃபிரெஷ் என்ற ஆய்வு 2020இல் வெளியானது. 124 நோயாளிகள் கொண்ட சிறிய ஆய்வுதான். மூன்றாம் நாளில் உடம்பில் சேர்ந்த திரவம் சராசரியாக 1.37 லிட்டர் குறைவு, வெண்டிலேட்டர் தேவைப்பட்டவர்களும் குறைவு. நல்ல ஐசியூவுக்கு இது உதவும். ஆனால் இத்தகைய மெஷின்களுக்கு நோயாளிக்கு நோயாளி புது சென்சார் வேண்டும். மெஷினுக்கு ஒருமுறை பணம் ஒதுக்கிவிட்டு சென்சாருக்கு ஒதுக்காவிட்டால், அடுத்த வருடம் அது பிளாஸ்டிக் உறைக்குள் மூலையில் நிற்கும். விரலில் மாட்டும் கஃப் வகைக்கு இன்னொரு சிக்கல்: ஷாக்கில் விரலின் ரத்தக் குழாய்கள் இறுகிவிட்டால் சிக்னலே சரியாகக் கிடைக்காது. கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதைப் பார்த்து என்ன செய்வது என்ற தெளிவு இல்லாவிட்டால் பலனில்லை. 1970இல் வந்த ஸ்வான் கான்ஸ் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் இதயத்துக்குள்ளேயே போய் அளந்தது. பல ஆண்டுகள் ஐசியூக்களின் பெருமையாகவும் இருந்தது. 2005இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில் அதைப் போட்டவர்கள் கூடுதலாகப் பிழைத்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக, இதையெல்லாம் செய்யப்போகிறவர்களைப் பற்றி. இரவு வார்டில் எத்தனை கட்டில்களுக்கு ஒரு சிஸ்டர் இருக்கிறார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லா நோயாளிக்கும் அரை மணிக்கு ஒருமுறை எல்லாம் பார் என்று சர்க்குலர் போட்டால், காலையில் எல்லாக் கட்டமும் ஒரே பேனாவால் ஒரே மூச்சில் நிரம்பியிருக்கும். அந்தக் குற்றத்தை அவர் தலையில் கட்டாதீர்கள். இரவு ரவுண்ட்ஸ் முடியும்போதே ஆபத்தான நோயாளிகள் யார் என்று டாக்டர் பெயர் குறித்துக் கொடுக்கட்டும். அவர்களை மட்டும் சிஸ்டரின் மேசைக்கு எதிரே உள்ள கட்டில்களுக்கு மாற்றுங்கள். பல்ஸ் பிரஷர் 20 ஆனாலோ, விரல் நிறம் திரும்ப மூன்று விநாடி தாண்டினாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, சிஸ்டர் யாரிடமும் அனுமதி கேட்காமல் டியூட்டி டாக்டரை நேரடியாகக் கூப்பிடலாம், கூப்பிட்டால் அவர் வந்தாக வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். பொய் எச்சரிக்கை ஆகிவிட்டாலும் கூப்பிட்டவரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது என்பதையும் அதே உத்தரவில் சேருங்கள்.

இந்தக் கட்டங்கள் எல்லாம் உள்ள ஒருபக்கக் கண்காணிப்புத் தாளைச் சக டாக்டர்களும் சிஸ்டர்களுமாகச் சேர்ந்து தயாரித்து வைத்திருக்கிறோம். தமிழிலும் இருக்கிறது, அட்டெண்டர்களும் படித்துப் புரிந்துகொள்ளலாம். கேட்கும் மருத்துவமனைக்கு அனுப்பத் தயாராக இருக்கிறோம். செப்டம்பருக்குள் அச்சுக்குப் போனால் அக்டோபர் மழைக்கு வார்டில் இருக்கும்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை பொது மருத்துவப் பிரிவு மருத்துவர் ஒருவர்