இரவில் தடித்து வருபவரிடம் மத்தியானச் சாப்பாட்டையும் கேளுங்கள்

வன்னியில் வேலை செய்கிற டொக்டர்மாருக்கும், சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், பிஎச்ஐமாருக்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும்) வணக்கம்.

இரவில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்க இழுக்க ஒருவரைக் கொண்டுவந்தால் "இரவு என்ன சாப்பிட்டீங்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறீர்கள். அதோடு நிறுத்த வேண்டாம். மத்தியானம் என்ன சாப்பிட்டார், இந்த மாதங்களில் உண்ணி கடித்ததா என்றும் கேளுங்கள்.

ஏன் என்றால், மாடு, ஆடு, பன்றி, மான், மரை எல்லாவற்றின் இறைச்சியிலும் அல்பா-கல் என்றொரு சர்க்கரை இருக்கிறது. மனிதரிடம் அது இல்லை (எங்கள் ஊர்க் குரங்குக்கும் மந்திக்கும்கூட இல்லை). சில வகை உண்ணிகள் கடிக்கும்போது எச்சிலோடு அது உள்ளே போக, சிலருடைய உடம்பு அதை எதிரியாகப் பதிந்து வைத்துக்கொள்கிறது. பிறகு இறைச்சி சாப்பிட்டால் ஒவ்வாமை. ஆனால் இறால், கச்சான் ஒத்துக்கொள்ளாதவருக்கு வருவதுபோல உடனே வராது, இரண்டு மணித்தியாலத்தில் இருந்து ஆறு மணித்தியாலம் கழித்துத்தான் வரும். கொழுப்பான துண்டும் ஈரல், சிறுநீரகம் போன்றவையும் கூடுதலாகப் படுத்தும். சிலருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது, வயிற்றுக்குத்தும் வாந்தியும் வயிற்றோட்டமும் மட்டும்தான், அதைச் சாப்பாடு பழுதாகிவிட்டது என்று சொல்லி அனுப்புவது மிகச் சுலபம்.

எங்கள் பெரியப்பாவுக்கு நடந்தது இதுதான். பட்டி மாடு பார்க்கிறவர், காட்டுக்கரையில் மேய விட்டுவிட்டு வந்தால் இடுப்பிலும் கணுக்காலிலும் எள்ளளவு உண்ணிகளைத் தேடிப் பிடுங்குவது அவருக்கு அன்றாட வேலை. வேள்வி ஆட்டிறைச்சியை மத்தியானம் சாப்பிட்டு, பின்னேரம் வயலுக்கும் போய் வந்து, இரவு புட்டும் கத்தரிக்காய்க் கறியும் சாப்பிட்டுப் படுத்தவருக்கு உள்ளங்கை அரிக்கத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் முகமே மாறிப்போனது. ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், புட்டும் கத்தரிக்காயும் என்று சொன்னோம், கத்தரிக்காய் கரப்பன்தானே என்று வீட்டிலும் எல்லோரும் சரி சொல்லிவிட்டார்கள். அந்தப் பாவப்பட்ட கத்தரிக்காய் எங்கள் முற்றத்தில் காய்த்துக் கொட்டிக்கொண்டிருக்க, அவர் ஆட்டிறைச்சியைத் தொடர்ந்து சாப்பிட்டார், திரும்பவும் இரவில் ஓடினோம். பிறகு வேறு மாவட்டத்தில் ஒரு டொக்டர்தான் சட்டையைத் தூக்கிப் பார்த்து, இந்தத் தழும்பெல்லாம் என்ன என்று கேட்டார்.

உங்களைக் குறை சொல்லி எழுதவில்லை. இது உலகத்துக்கே புதிய சங்கதி. செட்டுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றியதும் அமெரிக்காவின் சில மாநிலங்களில் மட்டும் பலர் ஏன் மயங்கி விழுகிறார்கள் என்று தேடிப் போய்த்தான், ஒவ்வாமை ஆராய்ச்சியாளர் தோமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர் 2008இல் அந்த மருந்திலும் இருக்கிற இந்தச் சர்க்கரையைச் சுட்டிக்காட்டினார்கள். சிட்னியில் ஷெரில் வான் நூனன் என்ற டொக்டரும் உண்ணிக்கடியையும் இறைச்சி ஒவ்வாமையையும் தொடுத்துக் காட்டினார். அமெரிக்காவில் 2010 முதல் 2022 வரை 110,000க்கு மேற்பட்டவர்களுக்கு இது இருக்கலாம் என்று கண்டார்கள், அப்படியிருந்தும் 2022இல் அங்கே மருத்துவத் துறையினரைக் கேட்டபோது 42 வீதமானவர்கள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். இங்கே காதுக்குள் உண்ணி போய்விட்டதென்று வருகிற பிள்ளைகளைப் பார்க்கிற உங்களுக்கு, உண்ணி மனிதரைக் கடிக்குமா என்று நான் சொல்லித்தரத் தேவையில்லை.

இரத்தத்தில் அல்பா-கல் ஐஜிஈ (இந்தச் சர்க்கரைக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற பொருள்) பார்க்கிற பரிசோதனை இருக்கிறது. அதை எங்கே செய்யலாம், யார் கடிதம் தர வேண்டும் என்று கிளினிக்கில் ஒரு தாள் ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் கோழி, மீன், முட்டை சாப்பிடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எங்கள் சனம் பயத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சோறும் சம்பலும் என்று கிடக்கும். பாலும் ஜெலற்றினும் சிலருக்குத்தான் ஒத்துக்கொள்ளாது. பிஎச்ஐமார், பீடியால் சுடுவது, மண்ணெண்ணெய் பூசுவது எல்லாம் வேண்டாம், கூரான சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்தால் போதும் என்று பட்டிக்காரரிடம் சொல்லுங்கள். புதிதாக உண்ணி கடிக்காமல் இருந்தால் பலருக்கு வருடக்கணக்கில் இது குறைந்துகொண்டு வரும் என்பதையும் சொன்னால் நீளக் காற்சட்டை போடச் சம்மதிப்பார்கள்.

பிறகு, இந்த ஒவ்வாமை இருக்கிறதென்று கிளினிக் புத்தகத்தின் முன்பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். ஏனென்றால், பாம்புக்கடிக்கு ஏற்றுகிற விஷமுறிவு மருந்து குதிரை இரத்தத்தில் இருந்து எடுப்பது, குதிரையிலும் இந்தச் சர்க்கரை உண்டு. அதற்காக முத்திரைப் புடையன் கடித்தவருக்கு மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை, அது உயிர் காக்கிற மருந்து. ஒவ்வாமை கடுமையானால் போடுகிற அட்ரினலினை எப்போதும்போல ஆயத்தமாக வைத்துக்கொண்டு ஏற்றுங்கள், முன்கூட்டியே தெரிந்தால் இன்னும் ஒரு கண் கூடுதலாக வைக்கலாமே என்றுதான் சொல்கிறேன்.